மெட்ரோ தூண்களுக்கு அடியில் ஒரு கங்கை!

'டோலிவுட்' என்றால் பலருக்கும் ஹைதராபாத்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்தப் பெயர் முதலில் சூட்டப்பட்டது தெலுங்கு சினிமாவுக்கு அல்ல. கல்கத்தாவின் தெற்கே டோலிகஞ்ச் என்ற பகுதியில் ஸ்டுடியோக்கள் வரிசைகட்டி நின்ற காலம் அது. 1932-ல் அமெரிக்க சினிமா இதழ் ஒன்றில் எழுதிய ஓர் ஒலிப்பதிவுப் பொறியாளர், ஹாலிவுட்டின் பாணியில் 'டோலிவுட்' என்று எழுதிவைத்தார். 'பாலிவுட்' என்ற சொல்லுக்கே இதுதான் முன்னோடி என்பார்கள்.

சரி, டோலிகஞ்சுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? வில்லியம் டோலி என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியிடமிருந்து. அவர் அங்கே என்ன செய்தார்? செத்துக்கொண்டிருந்த ஒரு நதியைத் தோண்டி, அதில் படகு விட்டு, சுங்கம் வசூலித்தார். அந்த நதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. டோலிகஞ்சில் இறங்கி, மெட்ரோ ரயில் பாலத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே கீழே குனிந்தால் தெரியும். கன்னங்கரேலென்று, அசைவே இல்லாமல், நடுநடுவே கான்கிரீட் தூண்களோடு!

உள்ளூர்க்காரர்களில் பலர் அதை 'டோலி நாலா' என்கிறார்கள். ஓட்டேரி நல்லாவைத் தெரிந்த சென்னைவாசிகளுக்கு இந்த 'நாலா' புதிதல்ல, அதே சொல்தான். கால்வாய், ஓடை, சாக்கடை... சமயத்துக்கு ஏற்ப எதுவாகவும் அர்த்தம் கொள்ளலாம். ஆனால், இதே தண்ணீருக்குக் காளிகாட் கோயில் படித்துறையில் வேறு பெயர். அங்கே அது 'ஆதி கங்கை'. கங்கையின் மூல ஓட்டம்.

ஒரே தண்ணீருக்கு இரண்டு பெயர்கள். கங்கை என்று நினைத்தவர்கள் கும்பிட்டார்கள். நாலா என்று நினைத்தவர்கள் குழாயைத் திருப்பிவிட்டார்கள். பெரும்பாலும் இரண்டையும் செய்தவர்கள் ஒரே ஊர்க்காரர்கள்தான்!

கடலுக்குப் போன பழைய வழி

இன்று கொல்கத்தாவைத் தொட்டுக்கொண்டு ஓடும் பெரிய ஆறு ஹூக்ளி. ஹவுரா பாலத்தின் கீழே ஓடுவது அதுதான். கங்கையிலிருந்து பிரிந்துவரும் பாகீரதி ஆற்றுக்குக் கீழ்ப்பகுதியில் உள்ள பெயர் ஹூக்ளி. நகரத்தைத் தாண்டியதும் தென்மேற்காக வளைந்து, டயமண்ட் ஹார்பர் வழியாக வங்கக் கடலுக்குப் போகிறது.

சில நூற்றாண்டுகளுக்கு முன் இந்த வழி இல்லை. இப்போது இரண்டாவது ஹூக்ளி பாலம் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் பகுதி வரை வந்த ஆறு, அங்கிருந்து தெற்கே திரும்பியது. காளிகாட், டோலிகஞ்ச், கரியா, ராஜ்பூர், பாருய்பூர், ஜெய்நகர், சத்ரபோக் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு, கங்கா சாகர் தீவுப் பக்கம் கடலில் கலந்தது. 1495-ல் பிப்ரதாஸ் பிபிலாய் எழுதியதாகக் கருதப்படும் மனசா தேவி காவியத்தில், சாந்த் சௌதாகர் என்ற வணிகன் கடலுக்குக் கப்பலோட்டிப் போகும் பாதை இதுதான். கதை கற்பனையாக இருக்கலாம். வழியில் வரும் ஊர்கள் கற்பனை அல்ல. 1510-ல் சைதன்யர் பூரிக்கு நடந்துபோனதும் இந்த ஆற்றங்கரையை ஒட்டித்தான்.

அப்படியென்றால் இவ்வளவு பெரிய ஆறு ஏன் வழி மாறியது?

வங்காளம் வண்டலால் ஆன பூமி. அங்கே ஆறுகள் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. கொண்டுவரும் மண்ணைத் தன் படுகையிலேயே கொட்டி, தானே மேடாகி, பிறகு பக்கத்தில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். கொல்கத்தாவுக்கு வடக்கே திரிவேணி என்ற இடத்தில் பாகீரதி மூன்றாகப் பிரிந்தது. மேற்கே சரஸ்வதி, கிழக்கே ஜமுனா, நடுவே ஹூக்ளி. ஒரு காலத்தில் பெரும் துறைமுகமான சப்தகிராமம் சரஸ்வதிக் கரையில்தான் இருந்தது. 16-ம் நூற்றாண்டில் சரஸ்வதி தூர்ந்துபோக, தண்ணீர் நடு ஆற்றுக்கு வந்தது. துறைமுகம் படுத்துவிட்டது, வியாபாரிகள் ஹூக்ளிப் பக்கம் நகர்ந்தார்கள்.

அதற்கடுத்து நடந்ததுதான் ஆதி கங்கையின் தலைவிதியை எழுதியது. கொல்கத்தாவின் கிதிர்பூரிலிருந்து எதிர்க்கரையின் சங்க்ரெயில் வரை ஒரு வெட்டு வெட்டி, ஹூக்ளியைச் சரஸ்வதியின் பழைய கீழ்ப்பகுதியோடு இணைத்தார்கள். நவாப் அலிவர்தி கான் காலத்தில் வெட்டியது என்பது ஊர் வழக்கு. டச்சு வியாபாரிகள் வெட்டியது என்று சொல்பவர்களும் உண்டு. யார் வெட்டினால் என்ன, தண்ணீருக்குக் குறுக்குவழி கிடைத்துவிட்டது. பெரும்பகுதி அந்தப் பக்கம் பாய, காளிகாட் வழியாகப் போன பழைய ஆறு மெல்ல மெல்ல இளைத்தது.

இங்கே ஒரு சுவாரஸ்யம். ஆறு இடம் மாறியது, புனிதம் மாறவில்லை! கிதிர்பூருக்குக் கீழே ஓடும் ஹூக்ளியை ஊர் மக்கள் 'காட்டி கங்கா', அதாவது வெட்டிய கங்கை என்றார்கள். பகீரதன் கொண்டுவந்த கங்கை அதுவல்ல, காளிகாட் வழியாகப் போனதுதான் என்பது நம்பிக்கை. அதனால், பரந்து விரிந்து கப்பல் போகும் ஆற்றில் முழுக்குப் போட்டால் புண்ணியம் இல்லை. இடுப்பளவு தண்ணீர் ஓடும் ஓடையில் முழுக்குப் போட்டால் உண்டு. பிரிட்டிஷ் காலத்து மாவட்டப் பதிவுகளில் அதிகாரிகள் இதை வியப்போடு குறித்துவைத்திருக்கிறார்கள்.

சுங்கம் வசூலித்த டோலி

1770-களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பிரச்னை. கிழக்கு வங்காளத்தின் அரிசியும், சுந்தரவனத்தின் விறகும் தேனும் கல்கத்தாவுக்கு வரவேண்டும். சாலை கிடையாது. எல்லாம் படகில்தான். ஹூக்ளி வழியாகச் சுற்றிவந்தால் தூரம் அதிகம், அலையும் ஆபத்தும் அதிகம்.

மேஜர் டோலி ஒரு திட்டத்தோடு வந்தார். தூர்ந்துகிடக்கும் ஆதி கங்கையை ஹேஸ்டிங்ஸிலிருந்து கரியா வரை தோண்டி ஆழப்படுத்துவது. கரியாவிலிருந்து கிழக்கே புதிதாக வெட்டி, ஷமுக்போதா என்ற இடத்தில் வித்யாதரி ஆற்றோடு இணைப்பது. செலவு அவருடையது. பதிலுக்குச் சில ஆண்டுகளுக்குப் படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கொள்ளும் உரிமையும், கரையில் சந்தை வைக்கும் உரிமையும் கிடைத்தன. 1775-ல் வேலை தொடங்கியது. 1777-ல் படகுகள் ஓடின. சந்தைக்கு 'கஞ்ச்' என்று பெயர். டோலியின் கஞ்ச், டோலிகஞ்ச் ஆனது. சுங்கத்துக்கு ஆங்கிலத்தில் 'டோல்' என்று பெயர் இருப்பதும், வசூலித்தவர் பெயர் டோலியாக இருப்பதும் தற்செயல்தான்!

நல்ல வருமானம் வந்திருக்க வேண்டும். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் பெல்வெடெர் மாளிகையையே 1780-ல் விலைக்கு வாங்கினார் மனிதர். பின்னாளில் அந்த மாளிகையில்தான் தேசிய நூலகம் வந்தது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களில் ஒரு பிரதி அங்கே போகவேண்டும் என்பது சட்டம். தமிழ்ப் புத்தகங்களும் அதில் அடக்கம்.

டோலி செய்தது பெரிய வேலைதான். அதன் பிறகும் நூறு வருஷத்துக்கு மேல் நாட்டுப் படகுகள் அந்த வழியில் போய்வந்தன. ஆனால், அவர் வெட்டியது ஆறு அல்ல, கால்வாய். அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால்தான் பிறகு நடந்தது புரியும்.

சேறு எங்கிருந்து வருகிறது?

கொல்கத்தா கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறது. ஆனாலும், ஹூக்ளியில் தினமும் இரண்டு முறை கடல் ஓதம் ஏறி இறங்குகிறது. ஏறும்போது வேகம் அதிகம். சில மணி நேரத்தில் குபுகுபுவென்று ஏறிவிடும். இறங்குவது நிதானமாக, நீண்ட நேரம் எடுத்துக்கொண்டு. வேகமாக வரும் தண்ணீர் சேற்றைக் கிளப்பிக் கூடவே கொண்டுவருகிறது. மெதுவாகத் திரும்பும் தண்ணீருக்கு அத்தனையையும் தூக்கிப்போகச் சக்தி இல்லை. கொஞ்சத்தை விட்டுவிட்டுப் போகிறது. தினமும் இரண்டு தடவை கொஞ்சம். வருஷத்துக்கு 700 தடவைக்கும் மேல் கொஞ்சம்!

மேலிருந்து நல்ல தண்ணீர் ஓடிவரும் ஆற்றில் இது பெரிய பிரச்னை இல்லை. மழைக்கால வெள்ளம் வந்து எல்லாவற்றையும் கழுவித் தள்ளிவிடும். கொல்கத்தா துறைமுகத்துக்கே இந்தச் சேறு பெரும் தலைவலியாகி, ஹூக்ளிக்குக் கங்கை நீரைத் திருப்பி அனுப்புவதற்காக ஃபராக்கா அணை கட்டப்பட்டது; 1975-ல் அது செயல்படத் தொடங்கியது. அவ்வளவு பெரிய ஆற்றுக்கே தண்ணீர் உந்துதல் தேவைப்படுகிறது என்றால், மேலிருந்து நீர்வரத்தே இல்லாத டோலியின் கால்வாய் என்ன செய்யும்? ஓரளவுக்கு அதைக் காப்பாற்றியது இன்னொரு முனையில் இருந்த வித்யாதரி. தண்ணீர் உள்ளே வர ஒரு வாசல், வெளியே போக ஒரு வாசல்.

அந்த வாசலும் அடைபட்டது. வித்யாதரியும் ஓதத்தை நம்பி வாழ்ந்த ஆறுதான். ஓதநீர் பரவி ஓய்வெடுக்கும் சதுப்பு நிலங்களைக் கரைகட்டி நிலமாக்கியது, மேலே கால்வாய்கள் வெட்டியது, கல்கத்தாவின் கழிவுநீரைக் கொண்டுபோய்க் கொட்டியது என்று பல கைகள் சேர்ந்து அதைத் தூர்த்தன. 1928-ல் அதிகாரபூர்வமாகவே 'இறந்த ஆறு' என்று அறிவித்தார்கள். டோலி நாலா ஒருபக்கம் அடைத்த குழாய் மாதிரி ஆனது. ஹூக்ளியின் ஓதம் சேற்றோடு உள்ளே வரும்; போக வழியில்லாமல் சேற்றை இறக்கிவிட்டு வந்த வழியே திரும்பும்.

எத்தனை தடவை தூர்வாரினாலும் ஏன் மறுபடி தூர்கிறது என்று கொல்கத்தாவில் அடிக்கடி கேட்கிறார்கள். பதில் இதுதான். குப்பை போடுவதை முழுக்க நிறுத்தினாலும் சேறு வரும். ஓட்டம் இல்லாத இடத்தில் அள்ளுவது, தினமும் மழை பெய்யும் வீட்டில் ஓட்டை மாற்றாமல் தரையை மட்டும் துடைப்பது போன்றது.

ஆற்று நாட்டிலிருந்து வந்தவர்கள்

1947. பிரிவினை. பத்மா, மேக்னா கரைகளிலிருந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் கல்கத்தாவுக்கு வந்தன. இடம் எங்கே? நகரத்தின் தென்கோடியில், டோலிகஞ்சுக்கு அப்பால் புதரும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தில் இரவோடு இரவாக மூங்கில் நட்டுக் குடிசை போட்டார்கள். பிஜய்கட், நேதாஜி நகர், ஆஜாத்கட் என்று பெயரும் வைத்தார்கள். இன்று அவை நடுத்தர வர்க்கத்தினரின் மாடிவீட்டுத் தெருக்கள்.

ஆறுகளோடு பிறந்து வளர்ந்தவர்கள் வந்து சேர்ந்தது ஒரு சாகும் ஆற்றின் கரைக்கு என்பது விதியின் வேடிக்கை. சாக்கடை வசதி எதுவும் செய்துதரப்படாத காலனிகளின் கழிவுநீர் போக இருந்த ஒரே பள்ளம் அந்த நாலாதான். அவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால், கொல்கத்தாவின் தரை ஹூக்ளிக் கரையில் உயர்ந்து, கிழக்கே போகப்போகச் சரிகிறது. தென் நகரத்தின் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் முறையான வடிகால் போட்டுத் தந்திருக்க வேண்டியது அரசாங்கம். போடவில்லை. ஆதி கங்கை வடிகாலாகிவிட்டது.

பிறகு கரைகளும் நிரம்பின. ஹேஸ்டிங்ஸிலிருந்து கரியா வரையிலான சுமார் 15.5 கிலோமீட்டரில் ஆக்கிரமிப்புகளை எல்லாம் ஒரு மாதத்தில் அகற்ற வேண்டும் என்று 1998-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகு வெளிவந்த கணக்கு ஒன்று: 7,851 கட்டுமானங்கள், சுமார் 40,000 குடும்பங்கள், 69 கிடங்குகள், 12 மாட்டுத்தொழுவங்கள்... கூடவே 90 கோயில்கள்! கங்கையை ஆக்கிரமித்துக் கோயில் கட்டியவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டார்களோ தெரியாது.

2001-ல் போலீஸ் காவலோடு கரையோரக் குடிசைகள் இடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஏழைகள் தெருவுக்கு வந்தார்கள். நதிக்காகக் காலி செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட அந்த இடத்தில் அடுத்து வந்தது நதி அல்ல, மெட்ரோ.

தண்ணீருக்குள் 300 கால்கள்

இந்தியாவின் முதல் மெட்ரோ கொல்கத்தாவில் 1984-ல் ஓடத் தொடங்கியது. டோலிகஞ்ச் வரை பூமிக்கடியில். அதைக் கரியாவுக்கு நீட்டிக்கும்போது, நிலம் கையகப்படுத்தும் செலவும் சிக்கலும் இல்லாத ஒரு காலி மனை கண்ணில் பட்டது. அது ஆதி கங்கையின் படுகை! தண்ணீருக்குள்ளேயே சுமார் 300 தூண்களை நட்டு, மேலே பாலம் போட்டார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் போராடினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். தடை கிடைக்கவில்லை. 2009-ல் கரியா பஜார் வரையும், 2010-ல் அடுத்த கட்டமும் திறக்கப்பட்டன.

மெட்ரோ வந்ததில் தென் கொல்கத்தா மக்களுக்கு நிஜமான பலன் உண்டு. பேருந்தில் நெரிசல் பட்டுப் போன தூரத்தை இப்போது நிமிடங்களில் கடக்கிறார்கள். ஆனால், விலை கொடுத்தது ஆறு. தூண் நிற்கும் இடத்தில் ஓட்டம் தடைப்படும். தடைப்பட்ட இடத்தில் சேறு தங்கும். சேற்றில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் சிக்கும். தூர்வாரும் இயந்திரம் உள்ளே நுழைந்து திரும்பவும் இடமில்லை. கனமழை நாளில் ஹூக்ளியிலும் ஓதம் ஏறிவிட்டால், தண்ணீர் போக வழியின்றித் தெருவுக்கு வருகிறது. 'பான்' என்று வங்காளிகள் சொல்லும் பெரிய ஓத அலை ஹூக்ளியில் வரும் நாட்களில் காளிகாட்டின் தாழ்வான சந்துகளில் கணுக்கால் முதல் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். 2011-ல் முதல்வரான மம்தா பானர்ஜியின் வீடு இருக்கும் ஹரீஷ் சாட்டர்ஜி தெருவும் இந்த ஓடையை ஒட்டியதுதான்.

அந்தப் பாதையில் உள்ள ஸ்டேஷன்களின் பெயர்களைப் பாருங்கள். நடிகர் உத்தம் குமார், நேதாஜி, சூர்யா சென், தாகூரின் கீதாஞ்சலி, கவி நஸ்ருல், குதிராம்... வங்காளத்தின் பெருமைகள் எல்லாம் இருக்கின்றன. காலுக்குக் கீழே இருக்கும் நதியின் பெயர் மட்டும் ஒன்றிலும் இல்லை.

மூச்சு இல்லாத தண்ணீர்

ஒரு நதி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளப்பது. குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். ஆதி கங்கையின் நகரப் பகுதியில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது கிட்டத்தட்ட பூஜ்யம்.

காரணம் சிக்கலானது அல்ல. கழிவுநீரில் உள்ள மலம், உணவுக்கழிவு, மாட்டுச் சாணம் எல்லாம் பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை தின்று பெருகும்போது தண்ணீரின் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. ஓடும் ஆறாக இருந்தால் காற்றோடு கலந்து மறுபடி ஆக்சிஜன் ஏறும். நிற்கும் தண்ணீரில் ஏறாது. தீர்ந்துபோனதும் ஆக்சிஜன் தேவைப்படாத வேறு வகைப் பாக்டீரியாக்கள் வேலையை எடுத்துக்கொள்கின்றன. அழுகிய முட்டை நாற்றமும் கறுப்பு நிறமும் அவற்றின் கைவரிசை. அடியிலிருந்து வரும் குமிழிகளைப் பார்த்து மீன் துள்ளுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. அது சேற்றிலிருந்து கிளம்பும் வாயு.

ஒருகாலத்தில் ஓதத்தோடு கடல்நீர் மீன்களும் இறால்களும் ஏறிவந்த பாதை இது. இன்று அங்கே பிழைப்பவை சேற்றுப் புழுக்களும் கொசுக்களும்தான். கொசு முட்டைகளையும் புழுக்களையும் தின்னும் மீன் இல்லாத தண்ணீர், கொசுவுக்குச் சொர்க்கம்.

இந்தத் தண்ணீரின் கரையில்தான் காளிகாட் இருக்கிறது. இப்போதுள்ள கோயில் கட்டடம் 1809-ல் எழுந்தது. தலத்தின் பெருமை அதைவிட மிகப் பழையது. யாத்ரீகர்கள் படகில் வந்து படித்துறையில் இறங்கிய நாட்களில், அவர்களுக்கு விற்பதற்காகச் சந்துகளில் ஓவியர்கள் வரைந்து குவித்தவைதான் இன்று உலக மியூசியங்களில் தொங்கும் காளிகாட் ஓவியங்கள். கொஞ்சம் தள்ளி கேவராதலா சுடுகாடு. கங்கைக்கரையில் தகனம் நடக்கவேண்டும் என்ற ஆசையில்தான் அங்கே சுடுகாடு அமைந்தது. பக்கத்திலேயே இருக்கும் லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழையிலையும் ஃபில்டர் காபிப் பொடியும் வாங்கும் தமிழ்க் குடும்பங்கள், அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்து, வீட்டுப் பெரியவர்களை அதே கரையில்தான் வழியனுப்புகின்றன.

காரியம் முடித்தவர்கள் இன்றும் அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். சிலர் குளிக்கவும் செய்கிறார்கள். நூறு மில்லி நீரில் மலக்கழிவுப் பாக்டீரியா 2,500-க்கு மேல் இருந்தால் குளிக்கத் தகாது என்கிறது விதி. இங்கே இருப்பது அதைவிடப் பல மடங்கு. நம்பிக்கையைக் கேலி செய்ய இதில் எதுவும் இல்லை. கேட்கவேண்டிய கேள்வி, இத்தனை பேர் தாயாகக் கும்பிடும் தண்ணீரை இந்த நிலையில் வைத்திருப்பவர்களைப் பற்றியது.

பணம் வந்தால் நதி வருமா?

கங்கையைச் சுத்தப்படுத்தும் தேசியத் திட்டத்தின் கீழ் ஆதி கங்கைக்காகச் சில ஆண்டுகளுக்கு முன் சுமார் 650 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. மூன்று கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள், கழிவுநீர்க் குழாய்களை மடக்கி அங்கே திருப்பும் வேலை, தூர்வாருவது எல்லாம் திட்டத்தில் உண்டு. பசுமைத் தீர்ப்பாயமும் வழக்கைக் கண்காணித்து, அரசைத் தொடர்ந்து கேள்வி கேட்டிருக்கிறது.

சாக்கடையை மடக்குவதுதான் முதல் வேலை; அதில் சந்தேகமில்லை. ஆனால், அது பாதி வேலை. கழிவுநீர் நின்ற பிறகு அந்தப் படுகையில் ஓடப்போவது எது? ஹூக்ளியின் ஓதநீர் மட்டும்தான். அதன் சேறு தங்காமல் இருக்க, மதகுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடவேண்டும். ஏற்றத்தில் நீரைத் தேக்கி, வற்றத்தில் ஒரே வேகத்தில் வெளியேற்றினால் அதுவே சேற்றை அரித்துக்கொண்டு போகும். இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. தினமும் மதகருகே இருந்து செய்ய ஆள் வேண்டும். திறப்பு விழாவுக்குக் கிடைக்கும் பணம் தினசரிப் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை என்பது எல்லா ஊர் ஆறுகளுக்கும் பொதுவான கதை. தூண்களை இனி யாரும் பிடுங்கப்போவதில்லை. அவற்றைச் சுற்றித் தங்கும் சேற்றைக் கையாலாவது எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கோஷ் கங்கை, போஸ் கங்கை

கரியாவோடு நகரத்து நாலா முடிகிறது. நதி முடியவில்லை. டோலி அங்கிருந்து கிழக்கே திரும்பிவிட்டார். பழைய ஆறு தெற்கே போனது. அந்தத் தடம் இன்று தொடர்ச்சியான ஓடையாக இல்லை. நீளநீளமாக, லேசாக வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குளங்கள். ஆறு நகர்ந்தபோது படுகையில் ஆங்காங்கே தங்கிப்போன பள்ளங்கள் அவை. அந்தந்த இடத்தை வாங்கிய குடும்பங்கள் கரைகட்டிக் குளமாக்கிக்கொண்டன. பெயரை மட்டும் விடவில்லை. கோஷ் வீட்டுக் குளம் 'கோஷேர் கங்கா'. போஸ் வீட்டுக் குளம் 'போஸேர் கங்கா'!

வெறும் பெயர் அல்ல. அந்தக் குளத்து நீரும் கங்கைநீருக்குச் சமம் என்று மதித்து, கரையில் தகனம் செய்வதும் நீராடுவதும் தலைமுறைகளாக வழக்கம். கங்கை ஒருவர் வீட்டுக் கொல்லையில் இருப்பது உலகத்தில் வேறெங்கும் இல்லாத பாக்கியம். பெயர்களைக் கேட்டுக் கேட்டு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், பழைய நதி கோடாகத் தெரியும்.

இந்தக் குளங்களில் இன்னும் மீன் இருக்கிறது. ரோகுவும் கட்லாவும் வளர்க்கிறார்கள். கொக்கும் மீன்கொத்தியும் வருகின்றன. மழைநீரைத் தாங்கி நிலத்துக்குள் இறக்குகின்றன. நகரத்து நாலாவைப் போல அல்லாமல், இங்கே காப்பாற்றுவதற்கு உயிர் மிச்சம் இருக்கிறது. ஆனால், ஆபத்தும் இங்கேதான் வேகமாக வருகிறது. நகரம் தெற்கே வளர்கிறது. ராஜ்பூர், சோனார்பூரில் மனை விலை ஏறுகிறது. பதிவேட்டில் இவை நதி அல்ல, தனியார் குளம். பாகம் பிரிக்கும்போது கங்கையும் பங்காகிறது. ஐந்து காட்டாவுக்குக் குறையாத நீர்நிலையை மூடக் கூடாது என்று மேற்குவங்க மீன்வளச் சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. காட்டா என்பது 720 சதுர அடி. ஆக, 3,600 சதுர அடிக் குளத்தைக்கூட மூட முடியாது. சட்டம் அப்படி. ஆனால், ஒரே நாளில் மூடினால்தானே குற்றம்! கட்டட இடிபாடுகளை ஓரமாகக் கொட்டி, வருஷத்துக்குக் கொஞ்சமாக உள்ளே தள்ளிவந்தால், பத்து வருஷத்தில் அங்கே குளம் இருந்த சுவடே இருக்காது. 'நதி' என்று ஒரு வார்த்தை பதிவேட்டில் ஏறியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

பழைய ஆறு இன்னொன்றையும் விட்டுப்போயிருக்கிறது. வெள்ளக் காலத்தில் அது இருபுறமும் கொட்டிய வண்டல், கரையோரம் நீண்ட மேடாக நிற்கிறது. சுற்றிலும் தாழ்ந்த நெல்வயல். நடுவே இந்த மேடு. ஊர்கள், கோயில்கள், சாலை எல்லாம் அதன்மேல்தான் வரிசையாக அமைந்தன. வேரில் தண்ணீர் தேங்காத அந்த மண்ணில் தோப்புகள் செழித்தன. கொல்கத்தா சந்தையில் தனி மவுசு உள்ள பாருய்பூர் கொய்யா இந்தப் பூமியின் விளைச்சல். ஜெய்நகரில் குளிர்காலம் வந்தால், ஈச்சமரத்துப் பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லத்தையும் கனக்சூர் நெல்லின் பொரியையும் சேர்த்துப் பிடிக்கும் 'மோயா' உருண்டைக்கு வங்காளமே காத்துக்கிடக்கும். 2015-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கொல்கத்தா போகிறவர்கள், சியால்டா ஸ்டேஷனிலிருந்து தெற்கே போகும் லோக்கல் ரயிலில் ஏறினால் கரியா, சோனார்பூர், பாருய்பூர், ஜெய்நகர் என்று ஏறக்குறைய நதி போன வழியிலேயே போய்வரலாம். டிசம்பர், ஜனவரி என்றால் மோயா நிச்சயம். ஜெய்நகரில் இறங்கி யாரிடமாவது 'கங்கை எங்கே?' என்று கேட்டால், 'யாருடைய கங்கை?' என்று திருப்பிக் கேட்பார்கள்.